பாசி தின்னும் கெளுத்தியும் பால்துரை மீசையும்

கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் கன்னங்கரேலென்று கிடந்தது.

“கரிசல் மண்ணுல கல்லை நட்டாலும் முளைக்கும்ட்டி!” என்று, செடி நடுவதற்காக நாலு சட்டி வயல்மண்ணை அள்ளிப் போட்டவர் தீப்பெட்டி ஆபீஸ் போர்மேன் பால்துரைதான்.

“இதுல மீனா விடப் போறிய, பேனாவா முக்கப் போறிய?” என்றாள் மனைவி நேசம்மாள்.

விஷயம் மீசையில் வந்து நின்றிருந்தது. தூத்துக்குடி மச்சினன் சாமுவேல்ராஜ், கல்யாணப் பந்தியில் நூறு பேர் முன்னால், “கோயில்பட்டிக்காரனுக்குக் கருவாடு மட்டுந்தான் தெரியும்!” என்று சொல்லிவிட்டான்.

“அடுத்த மாசம் வந்து பாருலே. எங்க வீட்டுல மீன் உசிரோட நீந்தலைன்னா மீசையை எடுத்துருதேன்!” என்று இவரும் இலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்.

தேத்தாங்கொட்டையை உரசிப் போட்டார். தண்ணீர் தெளிந்தது. செடிக்கு வெயில் வேண்டுமே என்று தொட்டியை முற்றத்துக்கு நகர்த்தினார். செடி அப்படியே நிற்க, பாசிதான் மண்டியது. தெருவில் போன வெள்ளாடு ஒன்று உள்ளே வந்து கண்ணாடியை நக்கிப் பார்த்துவிட்டுப் போனது.

மதுரைக்கு ரயிலேறிப் போய், பாசி தின்னும் கெளுத்தி ரெண்டு வாங்கி வந்தார். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு மேயும் ஜாதி. மூன்றே நாளில் தொட்டி பளிங்காகிவிட்டது.

மீன்களைத்தான் காணோம்.

“கூச்ச சுபாவம். கல்லுக்கடியில கிடக்கும்,” என்றாள் நேசம்மாள். கூச்சம் தெளியட்டும் என்று பால்துரை இன்னும் நாலு கல்லை அடுக்கினார்.

மச்சினன் வந்தான். “தொட்டி இருக்கு, செடி இருக்கு. மீனு எங்க அத்தான்? சவரக்கத்தி எடுக்கட்டா?”

“கண்ணாடியைப் பாரு மாப்ள. பாசி இருக்கா? பின்ன யாரு தின்னது? உங்க ஊரு மீனு சும்மா அலையில ஆடும். எங்க ஊரு மீனு வேலை பாக்கும், வெளிய காட்டிக்காது!”

சாமுவேல்ராஜ் ஒரு மணி நேரம் முட்டி போட்டுத் தேடினான். பளபளத்த கண்ணாடியில் அவன் முகம்தான் தெரிந்தது. கடைசியில் எழுந்து கும்பிட்டான்.

“ஒத்துக்கிடுதேன் அத்தான். கடல்லயே இப்படி ஒரு மீனு கிடையாது!”

பால்துரையின் மீசை நுனி உத்தரத்தைப் போய்த் தொட்டது.

அப்போது அடுத்த வீட்டுச் செண்பகவல்லி, தூக்குவாளியோடு விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

“நேசம்மாக்கா, இந்தாங்க நீங்க இரவல் குடுத்த மீனு ரெண்டும். எங்க வீட்டோட சேத்து தெருவுல ஏழு தண்ணித்தொட்டி சுத்தமாயிட்டு. பத்திரகாளி மதினி அடுத்த முறை அவியளுதுன்னு வாசல்ல வாளியோட நிக்காவ!”