அரைநாள் அறிஞரும் பன்னிரண்டு அடித் தண்ணீரும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் நடப்பன, பறப்பன, ஊர்வன எல்லாவற்றையும் பட்டியல் போட்டவர்கள் ஓர் உயிரினத்தை மட்டும் தவறாமல் விட்டுவிடுகிறார்கள். காரணம் எளியது. பட்டியல் போடுவதே அந்த உயிரினம்தான். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் அரைநாள் அறிஞர்.

நீங்களும் அவரைப் பார்த்திருப்பீர்கள். காலை பத்தரைக்கு ஊருக்குள் ஒரு வெள்ளை ஜீப் நுழையும். பதினாறு பைகள் வைத்த காக்கிச் சட்டை, தாடைக்குக் கீழே கயிறு கட்டிய தொப்பி, சேற்றையே பார்த்திராத கணுக்கால் பூட்ஸ் ஆகியவற்றோடு ஒருவர் இறங்குவார். மண், பாறை, நிலத்தடி நீர், காற்று, செடி கொடி, பூச்சி, பாம்பு, பறவை, கடைசியில் மீதி நேரம் இருந்தால் மனிதர் என்று, அந்த ஊர் உண்டான நாள் முதல் அங்கே இருக்கிற அத்தனையையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆராய்ந்து முடிப்பார். ஒன்றரை மணிக்கு ஜீப் நெடுஞ்சாலைப் பிரியாணிக் கடையில் நிற்கும். ஆராய்ச்சி நிறைவுற்றது.

பறவைகளைக் குரலை வைத்து அடையாளம் காணலாம் என்பார்கள். இவரையும் காணலாம். "குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை." இதுதான் கூவல். காலையிலும் கூவும், மாலையிலும் கூவும். ஏரியைத் தூர்த்தாலும், குன்றை உடைத்தாலும், காட்டை வழித்தெடுத்தாலும் சுருதி மாறாது. இனப்பெருக்கக் காலத்தில், அதாவது யாராவது புதிதாகக் குவாரிக்கோ ஆலைக்கோ அனுமதி கேட்கும் காலத்தில், கொஞ்சம் சத்தமாகக் கேட்கும்.

அறிவியலைக் கேலி செய்கிறேன் என்று நினைத்து யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். ஏரிக்கரையில் மூன்று மழைக்காலம் குந்தியிருந்து தவளைச் சத்தத்தை எண்ணிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். கால் முழுக்கச் சேற்றுப்புண். கடைசியில் அவர் எழுதியது நாலு பக்கம். அந்த நாலில் இரண்டு பக்கம், "இது எனக்கு இன்னும் தெரியவில்லை" என்பதைப் பற்றியது. அந்த இரண்டு பக்கத்துக்காக நான் யாரோடும் சண்டைக்குப் போவேன். அரைநாள் அறிஞர் மேல் எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். தெரியவில்லை என்ற சொல் அவர் அகராதியில் கிடையாது.

ஆனால் பக்தி உண்டு. ஜீப் புறப்படும்போது நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஆயுத பூஜையன்று கருவிகள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஒரு வருடம் பூஜை கொஞ்சம் தாராளமாகப் போய், பைனாகுலர் கண்ணாடியிலேயே குங்குமம் அப்பிக்கொண்டது. அந்த வருட அறிக்கையில் மார்பு சிவந்த பறவைகள் நிறைய இருந்தன. நான் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன்.

போதும். ஒரு மாதிரியைப் பிடித்து மேஜையில் வைத்துக் காட்டினால்தான் உங்களுக்குப் புரியும். இவர் பெயர் முனைவர் சுகுமார்.

மானாம்பதிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஊருக்குக் கிழக்கே ஒரு பாறைக்குன்று, குன்றை ஒட்டி ஒரு கல்குவாரி, குவாரியை ஒட்டிக் காலனி. காலனியில் நாற்பது வீடு, ஒரே ஒரு கிணறு. குவாரிப் பள்ளம் ஆழமாக ஆழமாக, அதில் ஊறும் நீரை ராட்சத மோட்டார் வைத்து இறைத்து வெளியே விட்டார்கள். பள்ளம் ஒரு ஆள் ஆழம் இறங்கினால் கிணற்று நீரும் ஒரு ஆள் ஆழம் இறங்கும். மூன்று வருடம் முன்பு கிணறு வற்றியே போனது. அன்று முதல் காலனிப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊராட்சித் தலைவர் முத்துகிருஷ்ணன் வயலில் ஓடும் பம்புசெட்டுக்கு நடக்கிறார்கள். அவருக்கு மனசு வந்தால் குடம் நிரம்பும். வராத நாளில் வரப்பில் கால் வைத்தாலே வசவு. கிணற்றுக்கு லாரியில் தண்ணீர் ஊற்றுங்கள் என்று மூன்று வருடமாக மனு கொடுத்தார்கள். ஒரு லாரி வரவில்லை.

இந்த நிலைமையில்தான் குவாரியை இன்னும் ஆழப்படுத்த அனுமதி கேட்டார்கள். அதைக் கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்ல முனைவர் சுகுமார் புறப்பட்டார். கிணற்றில் தண்ணீர் இல்லை என்று அவர் எழுதினால் குவாரி நிற்கும். இருக்கிறது என்று எழுதினால் கிணறு செத்தது, அவ்வளவுதான்.

இப்போது நம் ஊர்ப்பக்கத்து வழக்கம் ஒன்று குறுக்கே வந்தது. பெரிய மனிதர் யாராவது பார்வைக்கு வருகிறார் என்றால் ஊர் முகம் கழுவிக்கொள்ளும். கல்வி அதிகாரி வந்தால் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைக் கடன் வாங்கி வகுப்பில் உட்கார வைப்போம். சுகாதார அதிகாரி வந்தால் தெருவோரம் பிளீச்சிங் பவுடரால் கோடு போடுவோம். கோடு நேராக இருந்தால் சுகாதாரம் நேராக இருக்கிறது என்று பொருள். அதிகாரி போனதும் ஊர் பழைய முகத்துக்குத் திரும்பிவிடும். கிணறு பார்க்க விஞ்ஞானி வருகிறார் என்று கேள்விப்பட்ட முத்துகிருஷ்ணன் என்ன செய்வார்?

முதல் நாள் சாயங்காலம் இரண்டு டேங்கர் லாரி வந்தது. லாரிக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர். கிணற்றில் அப்படியே கொட்டினார்கள்.

"மெட்ராஸ்லருந்து பட்ச்சவரு வராரு. நம்ம பஞ்சாயத்துல வறண்ட கெணத்தப் பாத்தா இன்னா நெனப்பாரு? மானம் போவாது?" என்றாராம் தலைவர்.

அவருக்கும் குவாரிக்காரருக்கும் உள்ள உறவு பற்றி நான் துருவவில்லை. துருவத் தேவையே இல்லை. மூன்று வருடம் மனிதர் குடிக்க வராத லாரி, ஒரு மனிதர் பார்க்க வந்தது. அதற்கு லஞ்சம் எதற்கு? ஊர் மானம் போதும்.

மறுநாள் பங்குனி வெயிலில் சுகுமார் வந்தார். குன்றை ஜீப்புக்குள் இருந்தபடியே பார்த்தார். பாறை இடுக்கில் ஒரு கொம்பன் ஆந்தை வருடா வருடம் குஞ்சு பொரிக்கிறது. அது பதினொரு மணி வெயிலில் வெளியே வந்து வணக்கம் சொல்லவில்லை. ஆகவே குறிப்பிடத்தக்க பறவை எதுவும் இல்லை. பிறகு கிணற்றடிக்கு வந்தார். சுற்றிலும் லாரிச் சக்கரத் தடம், கணுக்கால் ஆழத்துக்கு. கிணற்றுச் சுவர் மேல்விளிம்பு வரை ஈரம். தண்ணீரோ செம்மண் கரைத்த கலங்கல். மூன்றையும் அவர் பார்த்தார். பார்த்ததை எழுத அவர் படிவத்தில் கட்டம் இல்லை. "நீர்மட்டம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அளவு நாடாவை இறக்கினார்.

பக்கத்தில் நின்றவர் அம்முலு. நாற்று நடுகிற கூலிக்காரப் பெண்மணி.

"சார், இது நேத்து லாரில ஊத்துன தண்ணி சார். கெணத்துல தண்ணி பாத்து மூணு வர்சம் ஆவுது."

சுகுமார் நாடாவிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "அம்மா, மனுஷங்க ஆயிரம் சொல்லுவாங்க. கருவி பொய் சொல்லாது."

கருவி பொய் சொல்லவில்லைதான். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார், பன்னிரண்டு அடி என்றது. எப்போது வந்த தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை, அது சொல்லவில்லை. ஜீப் பிரியாணிக் கடைக்குப் புறப்பட்டது. மறுநாள் மாலைக்குள் நாற்பது வீட்டுக் குடங்களும் சேர்ந்து அந்தப் பன்னிரண்டு அடியையும் இறைத்துத் தீர்த்தன. தானாக வந்த தண்ணீரை யார் விடுவார்கள்?

ஆனி மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம். காலனிப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மைக். மேடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர் பாட்டில். கீழே இருந்தவர்களுக்குக் குடம் இருந்தது, வீட்டில். மேஜை மேல் நானூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை, ஆங்கிலத்தில். அதன் சுருக்கத்தைச் சுகுமார் தமிழில் வாசித்தார். காலனிக் கிணற்றில் பன்னிரண்டு அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. ஆகவே குவாரியை ஆழப்படுத்துவதால் (நீங்களும் சேர்ந்து சொல்லலாம்) குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை.

அம்முலு எழுந்தார். மைக்கை அவரிடம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

"சார், எங்க கெணத்துல பன்னெண்டு அடி தண்ணி கீதுன்னு சொன்னீங்களே, கரெக்டா?"

"ஆமாம்மா. நானே அளந்தது."

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?"

சுகுமார் சிரித்துவிட்டார். "நல்லாவே தெரியும். காலேஜ்ல மெடல் வாங்கியிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. தோ, கெணறு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலதான் கீது. வந்து ஒரு தபா குதிச்சுக் காட்டிட்டுப் போய்டுங்க. அப்பால குவாரியப் பாதாளம் வரிக்கும் தோண்டிக்கோங்க. நாங்க வாயே தொறக்க மாட்டோம்."

ஷாமியானாவுக்குக் கீழே சிரிப்பு வெடித்தது.

"ஏ அம்முலு!" முத்துகிருஷ்ணன் எழுந்துவிட்டார். "கம்முனு குந்து. பட்ச்சவரப் பாத்து இன்னா பேச்சு பேசற நீ?"

"மரியாதயாத்தான கூப்புடறேன் தலைவரே. அவரு மாட்டேன்னா நீங்க குதிங்க. உங்க லாரித் தண்ணிதான?"

பின்வரிசையிலிருந்து அருள்தாஸ் குரல் கொடுத்தார். குவாரியில் கல் உடைத்து விரல் ஒன்றைத் தொலைத்தவர். "பேஜார் பண்ணாம வாங்க சார்! கவுறு நான் புடிச்சிக்கிறேன்!"

சுகுமார் தொப்பிக் கயிற்றைத் தளர்த்தினார். "அது மார்ச் மாச டேட்டா. இப்ப அந்த அளவு இருக்காது. சீசனுக்கு ஏத்த மாதிரி மாறும்."

"இருக்காதுன்னு எப்டி சார் தெரியும்?" என்றார் அம்முலு. "அதுக்கப்பறம் நீங்க இந்தப் பக்கம் வரவே இல்லியே? எட்டிப் பாக்காமயே குதிக்க மாட்டேன்றீங்க. அப்ப அன்னிக்கே தெரியும்ல உங்களுக்கு? தெரிஞ்சுகினேதான எய்தினீங்க?"

முப்பது வருடமாகக் கட்டுரைகள் எழுதுகிறேன். இப்படி ஒரு குறுக்கு விசாரணை எழுத எனக்கு வரவில்லை. எந்த உண்மைக்கும் இறுதிச் சோதனை, அதன் மேல் உங்கள் உடம்பை வைப்பீர்களா என்பதுதான். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதிய கை, அதில் ஒரு வரியை நம்பிக் கிணற்று மேட்டில் கால் வைக்கத் தயாராக இல்லை.

கூட்டத்தை நடத்திய அதிகாரி பேனாவை மூடினார். எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நடந்தார். கூட்டமே பின்னால் போனது. கிணற்றடியில் வெடித்த சேறு, உடைந்த பிளாஸ்டிக் குடம், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, ஒரு வருடம் எல்லாப் பருவத்திலும், யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், திரும்ப அளக்க வேண்டும், அதுவரை ஆழப்படுத்த அனுமதி இல்லை என்று எழுதினார். அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள். பழைய பள்ளத்தில் மோட்டார் இன்னும் ஓடுகிறது. பெண்கள் இன்னும் வரப்பில் நடக்கிறார்கள்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அம்முலு ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முனையில் கல்லைக் கட்டி, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கிணற்றில் இறக்குகிறார். அருள்தாஸ் அதைக் கரித்துண்டால் பள்ளிக்கூடச் சுவரில் எழுதுகிறார். ஆடி: இல்லை. ஆவணி: இல்லை. புரட்டாசி: ஈரம், மழை பெய்த மறுநாள். அந்தக் கடைசி மூன்று சொல்லைக் கவனித்தீர்களா? அதற்கும் கட்டம் கிடையாது. அவர்களாகவே எழுதினார்கள். கயிற்றுக்குப் பொட்டு வைக்கவில்லை, எலுமிச்சம்பழம் நசுக்கவில்லை.

சுகுமாரைப் பார்த்து நிறையச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். அவர் வேறு ஊரில் வேறு கிணற்றை அளந்துகொண்டிருப்பார். ஆனால் காக்கிச் சட்டை போட்டவர் மட்டும்தான் அந்த இனம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டையில் பை இல்லாத வகையும் உண்டு. வேலைக்காரப் பெண்ணிடம் "எல்லாம் சவுக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் டீவிப் பக்கம் திரும்புகிறவர், பத்திரிகையில் எண் போட்டிருந்தால் அதை மூன்று பேருக்கு அனுப்பிவைக்கிறவர், அச்சில் வந்துவிட்டது என்பதற்காகவே தலையாட்டுகிறவர்.

அது நான் இல்லை என்கிறீர்களா? இருக்கட்டும். இரண்டு லாரித் தண்ணீரில் ஒரு கிணறு பன்னிரண்டு அடி ஏறியது என்று சற்று முன்னால் சொன்னேன். நம்பினீர்கள். இப்போதுதான் தாளும் பேனாவும் தேடுகிறீர்கள். சரி, கணக்குப் போடுங்கள். கிணற்றின் அகலம் எவ்வளவு என்றா கேட்கிறீர்கள்?

அதை நான் எங்கேயும் சொல்லவில்லை. நீங்களும் இந்த வரி வரைக்கும் கேட்கவில்லை.