பன்னிரண்டு டம்ளர் கொத்தமல்லி

அடையாள அட்டைப் பட்டியலைத் தன்னந்தனியாக முடிப்பது, முடியும்வரை ராசம்மாவிடம் ஒரு சின்ன உதவிகூடக் கேட்பதில்லை. இதுதான் சிவசாமியின் தீர்மானம். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவர் எடுத்த பதினேழாவது தீர்மானம் இது. முந்திய பதினாறும் எப்படிப் போயின என்று அவர் சொல்வதில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

சிவசாமி ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. றொசல்லைக்கு மேலே உள்ள தோட்டத்தில், மேற்கணக்கு என்கிற மேல் பிரிவில் வீடு. படிப்பு ஆறாம் வகுப்பு. ஆனால் எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து கோயிலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி. மழை பெய்தால் கூரையில் ஒன்பது இடத்தில் ஒழுகும். எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அது 2008. நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். கொழும்பில் கடைகளில் நிற்கிற தோட்டத்துப் பிள்ளைகள் அட்டை இல்லாமல் வீதியில் இறங்க முடியாது. சோதனையில் மாட்டினால் அன்றைய நாள் பொலிஸில்தான். அதனால் அட்டைக்கு எழுதிக்கொள்ளும் அரசாங்க நடமாடும் சேவை இரண்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை தோட்டத்துக்கு வருகிறது என்றதும், தோட்டத் தலைவர் பழனியாண்டி நேராக சிவசாமியிடம் வந்தார்.

"அட்டை இல்லாதவங்க, தொலைச்சவங்க, அட்டை அழிஞ்சு போனவங்க, எல்லாரையும் எழுதணும் கணக்கப்பிள்ளை. லிஸ்ட்ல பேரு இருக்கிறவங்களத்தான் பாப்பாங்களாம். விட்டா அடுத்த வருசம்."

ஏழு வாரம் சிவசாமி லயம் லயமாக நடந்தார். பிறப்புச் சான்றிதழ் இலக்கம், அப்பா பெயர், லய இலக்கம் எல்லாவற்றையும் துண்டுக் கடதாசியில் குறித்து வருவார். மகன் தர்ஷன் கொழும்பிலிருந்து கொடுத்துவிட்ட பழைய லெப்டொப்பில் ஒரு விரலால் ஏற்றுவார். ஏற்றியதும் துண்டு அடுப்புக்குப் போகும். ஒரு கணக்கு இரண்டு இடத்தில் இருந்தால் குழப்பம் என்பது அவர் கொள்கை.

அவர் தட்டும்போது ஒரு பழக்கம் உண்டு. எந்த எழுத்தைத் தட்டினாலும் வாயால் சொல்லித்தான் தட்டுவார். திறக்கிற இரகசியச் சொல்லையும் அப்படித்தான். அதற்காக ராசம்மாவை வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு, கதவையும் சாத்திவிட்டு, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லுவார்.

ராசம்மா பதினெட்டு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற ரோலர் பக்கம் வேலை செய்தவள். முழங்கால் வலி வந்தபிறகு பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கிறாள். பிள்ளைகளின் நிறையைக் கம்பியூட்டரில் பதியப் பழக்குகிறோம் என்று ஹட்டனில் மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். போனாள். வரும்போது கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு, அதில் விரல் நீளத்துக்கு ஒரு சாமான்.

"என்ன, புள்ளைகளக் கூப்புட விசில் குடுத்தாங்களா?" என்றார் சிவசாமி.

"ஊதிப் பாருங்க," என்றாள் ராசம்மா.

சிவசாமி ஊதிப் பார்த்தார். சத்தம் வரவில்லை.

"மூணு நாள் போயி ஊதாத விசிலோட வந்திருக்கா," என்று சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் இருக்கிற கந்தப்பனிடம் சொன்னார். ராசம்மா அதைக் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

பட்டியலில் நூற்று முப்பத்தேழு பேர். நாலு தடவை எண்ணியாயிற்று. சேவைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தாவது தடவை எண்ணலாம் என்று லெப்டொப்பைத் திறந்தார். உள்ளேயிருந்து டக் என்றது. கொஞ்சம் பொறுத்து டக், டக்.

அடுப்படியிலிருந்து ராசம்மா தலையை நீட்டினாள். "என்னங்க சத்தம்?"

சிவசாமி இருமினார். "இருமல்."

"இருமல் டக்குனா கேக்கும்?"

"வறட்டு இருமல் புள்ள. அப்பிடித்தான் கேக்கும்."

டக் என்றது. இருமினார். டக் டக் என்றது. இரண்டு தடவை இருமினார். அன்றைக்கு மொத்தம் பதினாலு தட்டு, பதினாலு இருமல். ராசம்மா ஒரு டம்ளர் கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்து முன்னால் வைத்தாள். இஞ்சி தூக்கலாக இருந்தது. கண்ணில் தண்ணி வரக் குடித்தார்.

"ரோலர்ல ஒருக்கா இப்பிடித்தான் டக்கு டக்குனு வந்துச்சு," என்று ராசம்மா டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னாள். "புதுசா வந்த பிட்டரு என்ன செஞ்சாரு, கழட்டிப் பாக்குறேன்னு நட்டத்தான் முடுக்குனாரு. மிசின் மாட்டிக்கிச்சு. உள்ள இருந்த கொழுந்து அம்புட்டும் பாழு. சத்தம் மாறுனா மிசினுக்கு வைத்தியம் பாக்கக் கூடாதுங்க. முதல்ல கொழுந்த எறக்கணும்."

"இப்ப எதுக்கு ரோலர் கத?"

"சும்மா. இருமல் சத்தம் கேக்கவும் ஞாபகம் வந்துச்சு. அப்புறம், என் அட்டையில மூஞ்சி அழிஞ்சு போயி மூணு வருசமாகுது. சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"ம்," என்றார் சிவசாமி. அவர் காது லெப்டொப்பில் இருந்தது.

"குடிச்சிட்டுப் போர்வையப் போத்திக்கிட்டு ஒரு மணித்தியாலம் படுங்க. வேர்த்தாத்தான் இருமல் எறங்கும்."

படுத்தார். மறுத்தால் இருமல் பொய் என்று ஆகிவிடும்.

திங்கட்கிழமையிலிருந்து ஒரு அப்பியாசக் கொப்பியில் குறிக்கத் தொடங்கினார். அவ்வளவு சுத்தமான குறிப்பை எந்த ஆஸ்பத்திரியிலும் பார்க்க முடியாது. திங்கள்: தட்டு 31, பட்டியல் திறக்க வாயால் எண்ணியது 90, முன்பு 40. செவ்வாய்: தட்டு 58, நீலத்திரை ஒரு தடவை, மூன்று பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்து பிறகு சரியாகியது. புதன்: தட்டு 96, திறக்க 310, நீலத்திரை நாலு. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. அதையும் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி அடியில் கோடு போட்டார். பிறகு அது சொன்ன பொத்தானை அமுக்கி மேலே போனார். நோயாளியின் நாடி முழுக்கக் கொப்பியில் இருந்தது. மருந்துதான் இல்லை.

பயந்தார் என்று சொல்ல முடியாது. பட்டியலை மூன்று பிரதி எடுத்து வைத்திருந்தார். ஒன்றின் பெயர் 'பட்டியல்'. அடுத்தது 'பட்டியல் பத்திரம்'. மூன்றாவது 'பட்டியல் மிகப் பத்திரம்'. மூன்றும் அதே லெப்டொப்புக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

தினமும் காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு மணித்தியாலம் போர்வை. புதன்கிழமை தொண்ணூற்றாறு தடவை இருமியதில் தொண்டை நிஜமாகவே புண்ணாகிவிட்டது.

"கந்தப்பண்ணே வந்து கேக்குறாரு, கணக்கப்பிள்ளைக்கு காசமானு," என்றாள் ராசம்மா.

"குளிரு. வேற ஒண்ணுமில்ல."

அந்த வார்த்தை அவருக்கே பிடித்துப்போயிற்று. குளிர். ஆமாம். கொழும்பு வெயிலில் இருந்த சாமான். இந்த மலைப் பனியில் நடுங்காமல் என்ன செய்யும்? வியாழக்கிழமை லெப்டொப்புக்கு ராசம்மாவின் கம்பளிச் சால்வையைப் போர்த்தினார். தட்டு இருநூறைத் தாண்டியது. எண்ணுவதை நிறுத்தினார். வாழ்க்கையில் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை ராசம்மா பிள்ளைக் காம்பராவுக்குப் போனதும், அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கிற பரணில் லெப்டொப்பை ஏற்றினார். கருவாட்டுக்குப் பக்கத்தில் நல்ல இதமான சூடு. ஒரு மணித்தியாலம் கழித்து இறக்கினார். பொத்தானை அமுக்கினார். டர்ர் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. திரை கறுப்பு. பட்டியல், பட்டியல் பத்திரம், பட்டியல் மிகப் பத்திரம், மூன்றும் போயின.

ராசம்மா மாலையில் வந்தபோது சிவசாமி லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் பழக்கத்தில் இருமினார்.

"சத்தம் ஒண்ணும் வரலையே, ஏன் இருமுறீங்க?" என்றாள் ராசம்மா.

சிவசாமி லெப்டொப் மூடியைத் திறந்தார். மூடினார். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பதினோராவது டம்ளர் வந்தது.

சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நூற்று முப்பத்தேழு முகமும் வரிசையாகக் கண் முன்னே வந்தன. கந்தப்பனின் மகளுக்குக் கொழும்பில் தையல் கடையில் இடம் இருக்கிறது, அட்டை இல்லாமல் எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறாள். அதை நினைத்ததும் டம்ளரைக் காலிசெய்துவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். கொப்பியைக் கக்கத்தில் இடுக்கினார். "ராசம்மா, நான் கோயில் மண்டபத்துக்குப் போறேன். எல்லாருக்கும் முன்னால ஒண்ணு சொல்லணும். உங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கணும். லிஸ்ட்டு போச்சு. லெப்டொப்பு செத்துப் போச்சு. தப்பு என்னோடது."

ராசம்மா தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "நல்லது. போங்க. நானும் பின்னால வாறேன்," என்றாள்.

இவ்வளவுதானா என்று சிவசாமிக்கு இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு படியையும் எண்ணாமல் இறங்கினார்.

மண்டபத்தில் சனம் வரிசையில் நின்றது. மேசையில் இருந்த சிங்கள உத்தியோகத்தர் கையில் அச்சடித்த தாள்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சிவசாமி காதைத் தீட்டினார். முதலாம் லயம், முதலாம் காம்பரா. பிறகு இரண்டாம் காம்பரா. அவர் எழுதிய அதே வரிசை. செவ்வாய்க்கிழமை அவர் திருத்திய இலக்கம்கூடத் திருத்தியபடியே வந்தது.

"ஹொந்த லிஸ்ட் எகக்," என்றார் உத்தியோகத்தர், நல்ல பட்டியல் என்று தலையை ஆட்டியபடி. "எந்தத் தோட்டத்திலயும் இப்பிடி ஒழுங்கு இல்ல. யார் செஞ்சது?"

பழனியாண்டி பெருமையோடு சிவசாமியைக் காட்டினார். சிவசாமிக்குக் கால் தரையில் இல்லை. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட ரீச்சர் நிரூபா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மெல்லச் சொன்னாள்:

"அக்கா நேற்றுப் பின்னேரம் பென் டிரைவோட வந்தவா ஐயா. நான் பள்ளிக்கூடத்தில அச்சடிச்சு மட்டும் குடுத்தனான். ஒவ்வொரு நாளும் புதுசா ஒரு பிரதி எடுத்து வச்சிருக்கிறா. நாள் திகதியோட. நான் படிப்பிக்கிற பிள்ளையளுக்கே இந்தப் பழக்கம் இல்ல."

சிவசாமி திரும்பிப் பார்த்தார். ராசம்மா நல்ல சேலை கட்டி வரிசையின் கடைசியில் நின்றாள். கழுத்தில் சிவப்புக் கயிறு. அந்த ஊதாத விசில்.

கிட்டப் போனார். "எப்ப புள்ள எறக்குன?"

"நீங்க போத்திக்கிட்டுப் படுத்தப்ப. தெனமும்."

"இரகசியச் சொல்லு?"

"அது கந்தப்பண்ணன் பேத்திக்கும் தெரியும். தொட்டில்ல சொல்லுது."

"முந்தியே சொல்லியிருக்கலாமே. நேத்து முழுக்கச் செத்துப் பொழச்சேன்."

"நீங்களா வந்து சொல்றீங்களானு பாத்தேன். சொல்லிட்டீங்க." ராசம்மா முந்தானையைச் சரிசெய்தாள். "நூத்தி முப்பத்தேழு பேருக்கு முன்னால போயித் தப்ப ஒத்துக்கிறதுக்குச் சட்ட போட்டுக்கிட்டு எறங்குனீங்க பாருங்க, அதுக்கே இந்தச் சேலையக் கட்டினேன்."

முப்பத்தொரு வருஷத்தில் இவளைச் சரியாக எண்ணாமல் விட்டுவிட்டோமே என்று சிவசாமிக்கு முதல் தடவையாகத் தோன்றியது. பதினெட்டு வருஷம் ரோலரிடம் படித்ததை, மூன்று நாள் வகுப்பில் படித்ததோடு சேர்த்து, சத்தமில்லாமல் ஒரு தோட்டத்தையே காப்பாற்றிவிட்டாள். ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று அவள் பக்கத்திலேயே வரிசையில் நகர்ந்தார். வரிசை குறைந்து அவள் முறை நெருங்கியபோதுதான் தொண்டையைச் சரிசெய்தார்.

"நூற்று முப்பத்தெட்டு," என்று உத்தியோகத்தர் கூப்பிட்டார்.

சிவசாமி சட்டென்று திரும்பினார். எண் தவறினால் அவருக்குப் பொறுக்காது. "இல்ல சேர். நூத்தி முப்பத்தேழுதான். நாலு தடவ எண்ணியிருக்கேன்."

உத்தியோகத்தர் தாளைப் பார்த்துப் படித்தார். "ராசம்மா. புருசன் பேர் சிவசாமி. ஒன்பதாம் லயம். பழைய அட்டையில முகம் அழிஞ்சது."

"நாலு தடவையிலயும் என்ன விட்டுட்டீங்க," என்றாள் ராசம்மா, மேசையை நோக்கி நடந்துகொண்டே. "அதான் நானே ஏத்திக்கிட்டேன்."

மண்டபம் சிரித்தது. சிவசாமிக்குப் புரை ஏறி, பொய்யில்லாத ஓர் இருமல் வந்தது. நடந்துகொண்டிருந்த ராசம்மா நின்றாள், திரும்பி வந்தாள், பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மூடியில் ஊற்றி நீட்டினாள். அவர் கணக்கில் அது பன்னிரண்டு.