டெல்லியில் போகாத நிழல்

ஒழுங்கானவர்கள் செய்யும் நாசமும் ஒழுங்காகவே நடக்கும். என் நாட்குறிப்பில் இதற்குச் சான்றாக ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. (அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை.)

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரச் சோதனை என் வேலை. பத்துப் பீஸில் ஒன்று மயிரிழை மாறினாலும் சிவப்பு மை வைத்து ஒதுக்கிவிடுவேன். அங்கே டூல் ரூமில் வேலை பார்த்த சுகுமார், வெள்ளானூர் மொட்டை மாடியிலிருந்து வானம் பார்க்கிறவன். இலவசமாக ஒரு வானியல் மின்னிதழ் தொடங்கினான். முதலில் தமிழ் மட்டும். பிறகு தெலுங்கு, கன்னடம், மலையாளம். ஒவ்வொரு மொழிக்கும் சம்பளமில்லாமல் ஓர் ஆள். இந்திக்கு மட்டும் ஆள் கிடைக்காமல் இரண்டு வருஷம் அலைந்தான். கடைசியில் டெல்லிப் பள்ளி ஆசிரியை ஒருவர், “ஒரு இதழ் செய்கிறேன். பள்ளிக்குப் பிடித்தால் தொடர்கிறேன்” என்றார். இந்தி நிலைக்குமா என்பது அந்த ஓர் இதழில்தான் இருந்தது.

“அக்கா, உன் கண்ணுல மண்ணத் தூவ முடியாது. அஞ்சையும் நீயே ஒரு தபா பாத்து ஏத்திடு” என்றான் சுகுமார்.

எனக்குத் தமிழும் ஆங்கிலமும்தான் தெரியும். (எண்களைப் படிக்க மொழி எதற்கு என்ற திமிர்.)

அந்த இதழின் முக்கியச் செய்தி, நிழலில்லா நாள். உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. சுகுமார் அட்டவணை போட்டு மொழிபெயர்ப்பவர்களுக்கே நேராகக் கொடுத்திருந்தான். ஐந்து இதழ்களையும் அச்செடுத்து மேசையில் பரப்பினேன். தமிழில் ஏப்ரல் கடைசி. மலையாளத்தில் ஏப்ரல் நடுவில். தெலுங்கில் மே மாதம். கன்னடத்தில் நாள் சரி, நேரம் பத்து நிமிடம் பிசகு. இந்தியில் தேதியே இல்லை. கட்டத்தில் வெறும் கோடு!

இருப்பது ஒரு சூரியன். அதற்கு இத்தனை தேதியா? மொழிபெயர்த்தவர்களின் அலட்சியத்தை எண்ணிப் பல்லைக் கடித்தேன். எல்லாவற்றிலும் சென்னைத் தேதி, சென்னை நேரம் என்று திருத்தினேன். இந்திக் கட்டத்திலிருந்த வெறும் கோட்டை அழித்து அங்கேயும் அதையே போட்டு ஏற்றிவிட்டேன். சுகுமாருக்கு அந்த வாரம் இரட்டை ஷிப்ட். அவனைத் தொந்தரவு செய்யாத பெருந்தன்மையும் என்னிடம் இருந்தது.

ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. நான் பார்த்தால் சரியாக இருக்கும் என்று எல்லா மொழியிலும் பெயர் எடுத்திருந்தேன்.

அந்த நாள் வந்தது. கொரட்டூரில் எங்கள் அடுக்ககத்து வாசலில் குடியிருப்பவர்களைக் கூட்டி பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நிறுத்தினேன். சொன்ன நிமிடத்தில் நிழல் மறைந்தது. கைதட்டல் அடங்கி, அரை மணி நேரமாக எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து சுகுமார் அழைத்தான்.

“டெல்லிக்கு இன்னாக்கா போட்ட?”

“எல்லாத்துக்கும் ஒரே தேதி. சரி பண்ணிட்டேன்.”

“சரி பண்ணியா? ஊருக்கு ஊரு மாறும்க்கா அது! டெல்லிக்கு அந்த நாளே கெடையாது. அம்மாம் வடக்கால கீது, சூரியன் அங்க உச்சிக்கே வராது. அதான் கோடு போட்டேன்!”

ஆசிரியை அனுப்பிய செய்தியைத் தமிழில் சொன்னான். முந்நூறு பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியிருக்கிறார். நிழல் போகவில்லை. தலைமை ஆசிரியர் எல்லார் முன்னாலும் குச்சியைப் பிடுங்கி இவர் கையில் கொடுத்தாராம். இனி இதழில் தன் பெயர் வரக்கூடாது என்று ஆசிரியை எழுதியிருந்தார்.

“நான் மன்னிப்புக் கேட்டு எழுதறேன் சுகுமார்.”

“வேணாம்க்கா. நீ இன்னாவும் எழுதாத.”

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்ட வாட்ச்மேன், “இன்னாம்மா, நம்மூர்ல மட்டுந்தான் வேல செய்தா?” என்றார்.

எழுதாதே என்று அவன் சொல்லியும் ஆசிரியைக்கு எழுதினேன். மூன்று முறை படி எடுத்து, பிழையில்லாமல். பதில் வரவில்லை. இந்தி இதழ் மறுபடி வர மூன்று வருஷம் ஆயிற்று. இன்று இதழ் பத்து மொழிகளில் வருகிறது. நான் விலகிய பிறகு நடந்த வளர்ச்சி அது. நான் வெறும் வாசகி.

வீட்டில் நான் எதையாவது நேர்ப்படுத்தக் கை நீட்டினால் என் கணவர் “டெல்லி” என்பார், அவ்வளவுதான். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். வந்த விருந்தாளிகள் என்னவென்று கேட்டால் கதை சொல்வது என் பொறுப்பு. குழாய், சிவப்பு மை, வாட்ச்மேன் எல்லாம் சொல்வேன். ஆசிரியையை மட்டும் விட்டுவிடுவேன். கதையில் அவர் வந்தால் யாரும் சிரிப்பதில்லை.