சிப்பிக்கு வைத்தியம் பார்த்தேன்

இந்த வீட்டில் வாயைத் திறக்காத ஜீவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். போன மாதம் கூடத்துக் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் ராட்சதச் சிப்பியும் என்னோடு சேர்ந்துகொண்டது.

பெயர்தான் ராட்சதன். இப்போதைக்கு என் உள்ளங்கை அளவு. ஓட்டை விரித்து, உள்ளே இருக்கும் நீலச் சதையை வெளிச்சத்தில் காட்டினால்தான் அதற்குத் தெம்பு. பத்து நாளாகச் சரியாக விரிக்கவே இல்லை. நீலமும் வெளுத்துக்கொண்டு வந்தது.

விடுவேனா? காப்பாற்றியே தீருவது என்று சபதம் எடுத்தேன். உப்பைச் சோதித்தேன். சுண்ணாம்புச் சத்து ஊற்றினேன். விளக்கை மாற்றினேன். என் மூக்குக்கண்ணாடிக் கடையை மதியமே பூட்டிவிட்டு வந்து, நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டிமேல் கவிழ்ந்து பார்த்தேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்," என்றாள் மனைவி.

"பெத்த பிள்ளைக்கு ஜுரம்னா தள்ளி உக்காருவியா?"

"பிள்ளைக்கு ஜுரம் வந்தப்போ நீங்க கடையில இருந்தீங்க."

நான் மறுபடி உப்பைச் சோதிக்கக் குனிந்தேன்.

மறுநாள் அவள் அண்ணன் போன் செய்தார். "மாப்பிள்ளை, முதுகு பிடிச்சுக்கிச்சு. நாலு நாள் கூட வந்து இருங்க."

தொட்டிக்கு என்னென்ன ஊற்ற வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதி மனைவியிடம் கொடுத்தேன். "அப்படியே செய்றேங்க," என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரே பேச்சில் அவள் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. முதுகு பிடித்த மச்சானோ இரண்டாம் நாளே பீரோவைத் தனியாக நகர்த்தினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

திரும்பி வந்தால், சிப்பி முழுசாக விரிந்து கிடக்கிறது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா, என் மருந்து!"

"ஆவியாப் போன தண்ணிய நிரப்பினேன். வேற ஒரு சொட்டு ஊத்தலை. இப்போ எட்டிப் பாருங்க."

எட்டினேன். என் நிழல் விழுந்ததும் சட்டென்று மூடிக்கொண்டது.

"நிழல் விழுந்தா ஏதோ கடிக்க வருதுன்னு பயந்துக்குதுங்க. நாள் பூரா நீங்க மேல கவிழ்ந்திருந்தா, அது எப்போ வெளிச்சம் பாக்கும்?"

நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டேன். நான் பாசம் என்று பொழிந்தது அத்தனையும் அதற்கு இருட்டாக இருந்திருக்கிறது. வெகுநேரம் கழித்து ஓடு மெல்ல விலகியது.

"அப்போ உன் அண்ணன் முதுகு?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"நான் போய் எத்தனாவது நாள் இது விரிஞ்சுது?"

"நாளா? நீங்க தெருமுனை தாண்டினதுமே மலர்ந்துடுச்சுங்க," என்றாள். "என் முகமும்தான்."