அறுபது பாக்கெட்

எனக்குத் தையல் வராது என்பதை இன்று யார் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன். ஒன்பதாம் வகுப்பில் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் திமிருக்கு வந்து மாட்டியது, பாவம், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு இல்லத்தில் இருந்த முப்பது சின்னப் பெண்கள்.

பசுமலையில் எங்கள் பள்ளியில் தையல் மன்றம் இருந்தது. நான் அதில் சேர்ந்தது சேவை மனப்பான்மையால் அல்ல. அந்த நேரத்தில் மற்றவர்களை மைதானத்தில் ஓடவிடுவார்கள். (எனக்கு ஓட வராது. இப்போதும் டவுன் பஸ்ஸைக் கும்பிட்டுத்தான் நிறுத்துகிறேன்.) அந்த வருடம், ஆதரவில்லாத பெண் குழந்தைகளின் இல்லத்துக்கு முப்பது கவுன் தைப்பதாக முடிவானது. எப்படி வேண்டும் என்று கேட்டதற்கு, அந்தப் பிள்ளைகளே கோடு போட்ட தாளில் பதில் எழுதியிருந்தார்கள்: “கலர் எதுவானாலும் சரி. பாக்கெட் கட்டாயம் வேண்டும்.”

“அங்க மூணு பிள்ளைக்கு ஒரு பெட்டி. தனக்குன்னு ஒரு சாமான் வச்சுக்க எடமில்ல. அதான் கேக்குதுக,” என்றார் மன்றத்தை நடத்திய ரோஸ்லின் டீச்சர்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு, “பாக்கெட் பூராவும் நானே தைக்கிறேன் டீச்சர்!” என்றேன். (கழுத்தும் கையும் தைக்கத் தெரியாது என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

சதுரத் துணியைக் கவுன்மேல் வைத்துத் தைக்க வேண்டியதுதானே? மிதி மிஷினில் உட்கார்ந்தேன். மூலை வந்ததும் ஊசியைத் துணியிலேயே இறக்கி நிறுத்தி, துணியைத் திருப்பி, மறுபடி மிதிக்க வேண்டும். அந்தத் திருப்பல் கைவந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. திருப்பு, ஓட்டு. திருப்பு, ஓட்டு. கவுனுக்கு ரெண்டாக, ஒரே வாரத்தில் அறுபது பாக்கெட்!

“பிரிஞ்சு கிரிஞ்சு வந்துராதே?” என்று கேட்டார் டீச்சர்.

“இழுத்துப் பாருங்க டீச்சர்!”

இழுத்தார். அசையவில்லை. “அடேயப்பா, ஓங்கிட்ட இம்புட்டுத் தெறமையா!” என்று, கவுன் வழங்கும் விழாவில் மேடையேறி முதல் கவுனைக் கொடுக்கும் பாக்கியத்தையும் எனக்கே தந்தார். அம்மா லீவு போட்டுவிட்டு, கோச்சடையிலிருந்து பட்டுச்சேலையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

முதல் கவுன் செல்விக்கு. ஏழு வயது. உள்ளே ஓடிப்போய் மாட்டிக்கொண்டு வந்தாள். சிறப்பு விருந்தினரான டாக்டரம்மா, போட்டோவுக்காக அவள் பாக்கெட்டில் ஒரு சாக்லேட்டைப் போட்டார். அது கீழே விழுந்தது. எடுத்து அடுத்த பாக்கெட்டில் போட்டார். அதுவும் விழுந்தது. செல்வி நாலு பக்கமும் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, சரியாக மைக்குக்கு நேராக என்னைக் கேட்டாள்:

“அக்கா, இது எந்தப் பக்கம் தெறக்கும்?”

அப்போதுதான் உறைத்தது. மேல்பக்கத்தைத் தைக்கக்கூடாது! அறுபதிலும் தைத்திருந்தேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அந்தப் பட்டுச்சேலைதான். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. சாக்லேட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு, “பொய்ப் பாக்கெட்டா?” என்றாள். உதடு பிதுங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அழுகையாக வந்தது.

ரோஸ்லின் டீச்சர் திட்டவில்லை. பாதி பிளேடை என் கையில் வைத்து, “ஒக்காரு. அறுபதையும் பிரிச்சிட்டுத்தான் வீட்டுக்கு,” என்றார். அதற்குள் மற்றவர்களும் கவுனை வாங்கி மாட்டியிருந்தார்கள்; புதுக் கவுனைக் கழற்றமாட்டோம் என்று முப்பது பேரும் போட்டபடியே வரிசையில் நின்றுவிட்டார்கள். நான் முட்டிபோட்டு ஒவ்வொரு தையலாக அறுத்தேன்.

“குத்திராதீகக்கா,” என்ற செல்வி, சட்டென்று என் கையைப் பிடித்தாள். “முழுசாப் பிரிக்காதீக. என் கை போனாப் போதும். பெரிய கை எதுவும் உள்ள போகக்கூடாது.”

அளவு பார்த்துப் பிரித்தேன். கை நுழைந்தது, சாக்லேட் உள்ளே தங்கியது, கை வெறுமையாக வெளியே வந்தது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பின்னாலிருந்த இருபத்தொன்பது பேரும், “எங்களுக்கும் அப்பிடியேக்கா!” என்று கத்தினார்கள். ஒவ்வொரு கையாக அளவெடுத்து முடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அதன்பிறகு அம்மாவோடு துணிக்கடைக்குப் போக முடிவதில்லை. எந்தச் சட்டையை எடுத்தாலும் பாக்கெட்டுக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லண்ணே, எம்மக தச்சதான்னு பாத்தேன்,” என்பாள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். என் கல்யாண வரவேற்பில்தான் வசமாக மாட்டினேன். புதுக் கோட்டில் ஜோராக நின்ற என் வீட்டுக்காரர், செல்போனைப் பாக்கெட்டில் போடப்போனார். போகவில்லை. மறுபக்கமும் போகவில்லை. (புதுக் கோட்டில் பாக்கெட்டை மூடித் தைத்துத்தான் தருவார்கள், நாம்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். சத்தியமாக எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அதற்குள் பாட்டுக்கச்சேரியையும் தாண்டிக் கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது:

“அடியே, இதையுமாடி தச்ச?”

எங்கள் கல்யாண ஆல்பத்தில் அந்தப் படத்தை மட்டும் முழுப்பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். ரெண்டு குடும்பமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. நான் மட்டும் மாப்பிள்ளையின் இடுப்புப் பக்கம் குனிந்து, பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.