ஒரு நூல்கூடச் சாயாத மேஸ்திரி

"பூமி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தூக்குக்குண்டுக்கே என் சுவரைப் பார்த்துத்தான்யா தெரியும்!" என்றார் மேஸ்திரி.

"ம்க்கும்!" என்றாள் சித்தாள். அவள் பெயரே 'ம்க்கும்' என்றாகிவிட்டது.

சொல்லி வாய் மூடவில்லை, மேஸ்திரியின் கையிலிருந்து சாந்துக் கரணை நழுவியது. காலையிலிருந்து ஒன்பதாவது தடவை. வீட்டிலும் அதே கதை. சட்டைப் பொத்தானை அவர் போட்டு முடிப்பதற்குள் கழற்றும் நேரம் வந்துவிடும். பொறுக்க மாட்டாமல் மனைவி டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "கழுத்தெலும்பு லேசா வளைஞ்சிருக்கணும். உங்களுக்குக் குச்சி மாதிரி நேரா நிக்குது. உள்ளே தண்டுவடம் நசுங்குது. ஆபரேஷன் பண்ணி இடம் விடணும், வளைவையும் கொண்டு வரணும்."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. "நேரா இருக்கறதை வளைக்கவா ஆஸ்பத்திரி கட்டி வெச்சிருக்கீங்க?"

"தள்ளிப் போட்டா கை போயிடும். போனப்புறம் பண்ணா, திரும்பும்னு சொல்ல முடியாது."

"போற கையா தினம் சுவர் கட்டுது?"

மறுநாள் காலை முதல் வேலையாக, முந்தின நாள் கட்டிய சுவரில் குண்டைத் தொங்கவிட்டார். ஒரு நூல் சாயவில்லை! டாக்டர் புளுகர் என்பது ருசுவாயிற்று. ஆபரேஷன் கிடக்கட்டும் என்று கரணையைத் துணியால் கையோடு கட்டிக்கொண்டார். கரணை விழவில்லை. பதிலுக்குச் செங்கல் விழுந்தது, அவர் கால்மேலேயே.

நொண்டியபடி உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. சாயங்காலம் எண்ணி வைத்த சிமெண்ட் மூட்டையில் காலையில் ஒன்று குறைகிறதே!

"நீங்க கிளம்புங்க மேஸ்திரி, நான் கழுவி வெச்சிட்டு வரேன்" என்று ம்க்கும் தினமும் துரத்துவாள். ரெண்டு வருஷமாக இதே பாட்டு.

"கரணை கழுவ ரெண்டு மணி நேரமா? கடத்தறா!" என்று மேஸ்திரி தனக்குள் கறுவினார்.

அன்று சாயங்காலம் கிளம்புவதுபோல் கிளம்பி, மணல் குவியலுக்குப் பின்னால் குந்தினார். ம்க்கும் செங்கலும் கையுமாகத் தெரிந்தாள். பாய்ந்து பிடிக்க எழுந்தார். எழுந்தது அவர் மட்டும்தான், கால்கள் வரவில்லை. மணலில் குப்புற விழுந்தார்.

"அடி திருடி!"

"யாரு? மணலுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கறது நீங்க!"

அவரைச் சிமெண்ட் மூட்டைபோலத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில்தான் இறக்கினாள்.

கழுத்துக்குள் தகடு, திருகு எல்லாம் ஏறின. புதுப் படத்தில் எலும்பு அழகாக வளைந்திருந்தது. "இந்த மாதிரி நான் ஒரு சுவர் கட்டியிருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பாங்க" என்றார் மேஸ்திரி. ஆனால் நாலாம் மாதம், ஐந்து பொத்தானையும் தானே போட்டார். கூடவே பார்த்துக்கொண்டிருந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று இடுப்பளவு சுவர் எழுப்பினார். பொழுது சாய்ந்தது. அவர் நகரவில்லை.

"இன்னிக்கு நான் போறதா இல்ல. நீ என்னத்தைத் தூக்கறேன்னு பார்த்துட்டுத்தான் போவேன்!"

ம்க்கும் தூக்குக்குண்டை எடுத்துச் சுவரில் தொங்கவிட்டாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். நம்பாமல் அடுத்த மூலைக்குப் போய்ப் பார்த்தாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டாள்.

"வாங்க மேஸ்திரி, வீட்டுக்குப் போலாம். ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் நீங்க கட்டினதைப் பிரிச்சு நான் திருப்பிக் கட்டற வேலை இல்ல."