மயிரிழை பிசகாத உறை

இழுப்பறைக்குள் கை விட்ட மனைவியின் விரலைப் பெரிய கத்தி பதம் பார்த்த அன்றே தீர்ப்பு வந்துவிட்டது.

"இதுக்கு ஒரு உறை வர்ற வரைக்கும் நான் தொட மாட்டேன். காய் நீங்கதான் நறுக்கணும்."

காலை ஏழு மணி வரை தூங்குவது ஒன்றுதான் அவள் கணவரான கணக்கு வாத்தியார் கண்ட சுகம். அதிலும் மண் விழுந்தால் சும்மா இருப்பாரா? அன்றைக்கே கொல்லையில் கிடந்த பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு அறுத்தார். அடுப்பில் காட்டி இளக்கினார். கத்தியை உள்ளே செருகி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"கத்திமேல துணி சுத்திட்டு வைங்க. சட்டை தைக்கவே நாங்க கொஞ்சம் லூசு விட்டுத்தான் தைப்போம்" என்றாள், தையல் மிஷினில் இருந்தபடி.

"இது தையல் இல்லம்மா, கணக்கு. மயிரிழை இடைவெளி இருக்காது."

இருக்கவில்லைதான். ஆறியதும் கத்தி உள்ளேயே குடியேறிவிட்டது. அவள் ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"எனக்கு அவ்வளவு தெம்பு இல்லைங்க. நீங்கதான் உருவணும்."

"சரி, உருவித் தர்றேன்."

"உருவுன கையோட நறுக்கிடுங்களேன்."

மூன்று வாரம், தினமும் ஐந்தரை மணிக்கு, உறையை முட்டிக்கு நடுவில் இடுக்கி மல்லுக்கட்டினார் வாத்தியார். அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று அப்புறம் வந்தது. காலையில் முழுசாக இருந்த பூசணிக்காய் சாயங்காலம் துண்டு துண்டாகக் கிடக்கும். கத்தியோ உறைக்குள் அசையாமல் இருக்கும். கேட்டால், "எப்படியோ நறுக்குனேன்" என்பாள். இதே யோசனையில் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று கரும்பலகையில் எழுத, வகுப்பே சிரித்தது.

ஒருநாள் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடிக்காகப் பாதி வழியில் திரும்பி வந்தார். சமையலறையில் சுடுதண்ணீர்ப் பாத்திரம். அதில் உறையோடு நின்றது கத்தி. அவள் உறையைத் துணியால் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் கத்தியை உருவினாள்.

"தெம்பு இல்லன்னு சொன்னே?"

"இல்லதான். கொதிக்கிற தண்ணில கொஞ்ச நேரம் வச்சா உறை இளகிடுது."

"அப்ப நாளையிலேர்ந்து நீயே நறுக்கு."

"நறுக்கலாம். ஆனா உங்க மாதிரி ஒரே அளவா வராதுங்க. கணக்குத் தெரிஞ்ச கை வேணும்."

இது பாராட்டா, தண்டனையா என்று வாத்தியாருக்குப் பிடிபடவில்லை. பிடிபடுவதற்குள் தலை தானாக ஆடிவிட்டது.

மறுநாள் ஐந்தேகாலுக்கே அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு நின்றார். உள்ளிருந்து தூக்கம் கலையாத குரல் வந்தது.

"தண்ணி கொதிக்குதுல்ல? அப்படியே எனக்கு ஒரு டீயும் போட்டுருங்க."